முதல் பாயில் உட்கார்ந்தவர்

அவரோடு போட்ட சண்டைகளில் ஒன்றில்கூட நான் ஜெயித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்காவது படித்துவிட்டு, "இன்னா சார், நீங்க ஜெயிச்ச மாதிரி எழுதி வெச்சிருக்கீங்க?" என்று போன் போடுவார். பெயர் எழுதப்போவதில்லை. அவர் பெயரைப் போட்டு ஊரில் ஒருமுறை நடந்த கூத்தே போதும்.

பொன்னேரிக்கு அப்பால் ஒரு கல்லூரி. அங்கே அவர் விலங்கியல் எடுத்தார், நான் தமிழ். இரண்டு பேரும் பழவேற்காட்டில் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே பஸ்ஸில் திரும்புவோம். நான் கடலோரக் குப்பத்தில் பிறந்து, பதினேழு வயதில் சாமி இல்லை என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து எங்கள் குப்பம் முழுவதோடும் மல்லுக்கட்டுகிறவன். அவர் ஏரிக்கரையில், வலையும் இல்லாமல் படகும் இல்லாமல் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற குடும்பத்துப் பெண். அவர்கள் தெருவில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். தெருக்கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன சபை. அவர் அந்தச் சபைப் பிள்ளை. சண்டைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குமுன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். முதல் வாரம் பத்து விநாடி. நான் சும்மா இருந்திருக்கலாம். "மேடம், சாம்பாருக்கு யாரு ஸ்தோத்திரம் வாங்குறது? செஞ்சது உங்க அம்மாதானே?" என்றேன். மறுநாள் அரை நிமிடம் ஜெபித்தார். நான் மறுபடியும் ஏதோ சொன்னேன். ஒரு நிமிடம் ஆனது. கிண்டல் செய்யச் செய்ய ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. கடைசியில் ஆசிரியர் அறையில் இருந்த மற்றவர்களே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "சார், தயவு செஞ்சு வாயை வெச்சிக்கினு சும்மா இருங்க. அவங்களும் சாப்பிடணும், நாங்களும் சாப்பிடணும்." அன்றோடு விட்டேன். அவரும் பத்து விநாடிக்குத் திரும்பினார், ஒரு கண்ணை லேசாகத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே.

அவருடைய முன்பற்கள் இரண்டிலும் ஓரத்தில் ஒரு தேய்மானம் உண்டு. கையால் இறால் பிடிக்கிறவர்கள் பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் தவழ்ந்து போவார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவும். அகப்பட்ட இறால் வாயில் தொங்கும் பறிக்குள் போகும். பள்ளிக்கூட நாட்களில் அவரும் அப்படிப் போனவர். வேலைக்கு வந்த பிறகும் விடுமுறையில் அம்மாவோடு தண்ணீரில் இறங்குவார். "அஞ்சாறு மணி நேரம் வாயைத் தொறக்க முடியாது சார். அதான் கரையேறினா இந்தப் பேச்சு" என்பார்.

அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் அவரை எங்கள் சனிக்கிழமை வட்டத்துக்கு அழைத்தேன். பழவேற்காட்டில் ஒரு வலைக்கடையின் மாடியில் ஆறேழு பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். எல்லோரும் கடவுள் மறுப்பாளர்கள். ஒரு விசுவாசி வந்தால் நன்றாக வெளுக்கலாம் என்பதுதான் உள்நோக்கம், மறைக்க மாட்டேன். முதல் நாளே கேட்டேன்:

"கண்ணால பாக்காததை எப்படி மேடம் நம்புறீங்க? நீங்க சயின்ஸ் படிச்சவங்க."

"கலங்கல் தண்ணியில கண்ணு எதுக்கு சார்? எங்கம்மா கையாலதான் பாக்கும். கை பொய் சொன்னா பறி காலி. நம்பிக்கைன்னா கண்ணை மூடிக்கினு கரையில குந்தியிருக்கறதுன்னு நீங்க நினைக்கறீங்க. கையை உள்ள விடறது சார் அது."

"விட்ட கையில கெளுத்தி முள்ளு குத்தினா?"

வலது உள்ளங்கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். கட்டை விரலுக்குக் கீழே பழைய தழும்பு. "குத்திருக்கு. ஜுரம் வந்து படுத்துருக்கேன். அதுக்காவ ஏரியில இறாலே இல்லேன்னு சொல்லிட முடியுமா?"

மாடியே சிரித்தது. என் ஆட்களே சிரித்தார்கள், துரோகிகள்.

சரி, சபைக்காரர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை என்று நினைக்க வேண்டாம். வகுப்பில் பரிணாமத்தை ஒரு வரி விடாமல் நடத்துவார். ஒரு மாணவி எழுந்து, "மேடம், நீங்களும் சபைக்குப் போறவங்கதானே, இதெல்லாம் நம்புறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "எலும்பைப் பாத்தா தெரியுது. இதுல நம்பறதுக்கு இன்னா இருக்கு? எழுதிக்கோ" என்றாராம். செய்தி காதில் விழுந்ததும் எனக்கு ஒரே குஷி. பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தேன். "அப்போ வேதத்துல ஆறு நாள்ல உலகம் உண்டாச்சுன்னு இருக்கறது தப்புன்னு ஒத்துக்கிறீங்க?"

"சார், நீங்களும் எங்க பாஸ்டரும் ஒரே மாதிரி படிக்கிறீங்க" என்றார். "ஆறு நாளுன்னு பாத்ததும் வாட்சை எடுத்துக்கினு நிக்கிறீங்க ரெண்டு பேரும். அவரு கரெக்டுன்றாரு, நீங்க தப்புன்றீங்க. அது பாட்டு மாதிரி எழுதினதுன்னு ரெண்டு பேருக்கும் தோணல. கவிதைன்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

இருபது வருடமாகத் தமிழ் எடுக்கிறவனைப் பார்த்து! மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் ஜன்னலோர சீட்டில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். என்ன செய்வது, உட்கார்ந்தேன்.

இப்படி இருந்தவர்தான் அந்தக் கோடையில் எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கினார்.

அந்த வருடம் கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மண் அடைத்துக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி வற்றி, வெயிலில் கொதித்தது. எங்கள் குப்பத்தில் அம்மன் திருவிழா முடிந்த நான்காம் நாள், எங்கள் பக்கத்துக் கரையோரம் முழுக்க மீன் செத்து மிதந்தது. மடவை, கெளுத்தி, குஞ்சு நண்டு எல்லாம். நாற்றத்தில் ஊரே துணியால் மூக்கை மூடிக்கொண்டு திரிந்தது. அவர் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அங்கேயே மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தார். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறம் வர வேண்டுமாம். வெள்ளையாகவே நின்றது. "மூச்சு முட்டி செத்திருக்கு சார்" என்றார்.

இரண்டு நாள் கழித்து எல்லோர் போனுக்கும் ஒரு வீடியோ வந்தது. அவருடைய சபைப் பாஸ்டர் பேசியிருந்தார். விக்கிரகத் திருவிழா நடந்த பக்கத்தில் மட்டும் மீன் செத்தது, இது தேவ கோபம், விஞ்ஞானத்தால் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தண்ணீரைச் சோதித்த பேராசிரியையே சொல்லிவிட்டார் என்று. கூடவே கல்லூரி விழாவில் மைக் முன்னால் நிற்கும் அவருடைய போட்டோவும் பெயரும்.

எங்கள் குப்பம் கொதித்துவிட்டது. கையால் இறால் பிடிக்கும் பெண்கள் இனிமேல் எங்கள் கரைப் பக்கம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். அவருடைய அம்மாவுக்கும் சேர்த்துத்தான் தடை.

அடுத்து நடந்ததை அவருடைய அம்மா எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல யாருக்காவது ஏதாவது இருக்கிறதா என்று பாஸ்டர் கேட்டபோது இவர் முக்காட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"எனக்கு இருக்கு. தண்ணிய நான்தான் சோதிச்சேன். காரணம் நல்லாத் தெரியும். முகத்துவாரம் மூடிக்கினு தண்ணி சூடாயி, காத்து இல்லாம மீன் செத்துச்சு. அந்தப் பக்கம் ஆழம் கம்மி, அதான் அங்க செத்துச்சு. அந்தத் தண்ணியிலதான் எங்கம்மா கை விட்டுச் சோறு போட்டுச்சு. அடி யாருக்கு விழுந்துது பாஸ்டர்? நமக்குத்தான். நீங்க அனுப்பின வீடியோ பொய். நம்ம ஆண்டவருக்கு முட்டுக் கொடுக்க நம்ம பொய் தேவையில்ல."

பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து ஒரு கிழவி "ஆமென்" என்று சொல்லிவிட்டாளாம். இந்த இடம் வரும்போதெல்லாம் அவருடைய அம்மா சிரித்துவிட்டு, உடனே அழுவார்.

சபையில் எல்லோர் முன்னாலும் மன்னிப்பு கேட்கும்வரை திருவிருந்து கிடையாது என்று பாஸ்டர் அறிவித்தார். மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்களே, அது. எனக்கு அது ஒரு துண்டு ரொட்டி. "போனாப் போவட்டும் மேடம், பொன்னேரியில நல்ல பேக்கரி இருக்கு" என்றேன்.  பஸ் அனுப்பம்பட்டு தாண்டிய பிறகு, "பசிக்குது சார்" என்றார். பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன். "அந்தப் பசி இல்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பாஸ்டரைத் திட்டி நான்கு வார்த்தை பேசலாம் என்றால் அதற்கும் விடமாட்டார். "எங்க தம்பியைப் பாம்பு கடிச்சப்போ தோள்ல போட்டுக்கினு மெயின் ரோடு வரைக்கும் ஓடுனவரு சார் அவரு. நல்ல மனுஷன். இந்த விஷயத்துல பொய் சொல்லிட்டாரு, அவ்ளோதான். ரெண்டையும் நான் சொல்லுவேன்."

தடையை நீக்கச் சொல்லிக் கேட்க, அம்மாவோடு எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்துக்கும் வந்தார். அப்போது தலைவர் என் சித்தப்பா. நானும் ஓரமாக நின்றேன். நடந்ததைச் சொல்லி, வீடியோ பொய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சித்தப்பா தலையாட்டினார்.

"சரிம்மா. அப்டியே உங்க சாமியால ஒண்ணும் ஆவாதுன்னும் ஒரு வார்த்தை சொல்லிடு. எங்க பசங்க போன்ல புடிச்சிப் போட்டுடுவானுங்க. அதுக்கு இது சரியாப் பூடும். நாளைக்கே தண்ணியில எறங்குங்க."

"அதைச் சொல்ல மாட்டேங்க."

"ஏன்?"

"அதுவும் பொய்ங்க."

கூட்டம் சலசலத்தது. பின்னாலிருந்து ஒருவன், "இன்னா திமிரு பாரு!" என்றான். நான் பதறிப்போய் அவர் காதோரம், "சொல்லிட்டுப் போங்க மேடம். அம்மா பொழப்பு. வெறும் வார்த்தைதானே?" என்றேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "பாஸ்டரும் இதேதான் சொன்னாரு சார். வெறும் வார்த்தைதானே, மன்னிப்பு கேட்டுட்டுப் போன்னு."

எட்டு நாள் அந்தப் பெண்கள் கரையைச் சுற்றி நடந்து தெற்கே போய் இறங்கினார்கள். ஒன்பதாம் நாள் சித்தப்பா தானாகவே தடையை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "சாமி விஷயத்துல நம்ம ஊரு நடுவுல நின்னுக்கினு பொய் சொல்ல மாட்டேன்றா. அவ மீன் விஷயத்துல மட்டும் பொய் சொல்லுவாளா? வீடியோ பொய்யாத்தான் இருக்கும்" என்றார். எங்கள் சித்தப்பா அப்படி யோசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இதில் என் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அவர் விடமாட்டார். எங்கள் வட்டத்துக்கு ஒரு சிற்றிதழ் உண்டு, ஜெராக்ஸ் போட்டு ஸ்டேப்ளர் அடிப்போம். 'நான் ஏன் வெளியேறினேன்' என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"நான் எங்க சார் வெளியேறினேன்?"

"அதான் அப்பம் குடுக்க மாட்டேன்னுட்டாங்களே."

"எங்க வீட்டுல சோறு போடலேன்னா பக்கத்து வீட்டு வாசல்லயா போய் குந்துவேன்? எங்க வீட்டு நடுக்கூடத்துலதான் குந்துவேன். போட்டுத்தான் ஆவணும்."

அதேபோல் ஒவ்வொரு ஞாயிறும் போனார். பெண்கள் பக்கத்தில் முதல் பாய். திருவிருந்து நாளில் எல்லோரும் எழுந்து போய் வாங்கி வருவார்கள், இவர் மட்டும் பாஸ்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார். பின்னால் போய் உட்காரேன் என்று அம்மா கெஞ்சியிருக்கிறார். "மன்னிப்புதான பாப்பா, கேட்டுட்டு வாங்கிக்கோயேன்" என்றும் கெஞ்சியிருக்கிறார். "பொய் சொன்ன வாயாலயே அப்பமும் வாங்கச் சொல்றியா?" என்று கேட்டு அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்.

எனக்கு அவர் எழுதிக் கொடுத்தது, மீன் ஏன் செத்தது என்ற கட்டுரை. அருமையான கட்டுரை. கடைசிப் பத்தியில் மட்டும், இந்தத் தண்ணீருக்குள் மூச்சை வைத்தவர் யார் என்று தனக்குத் தெரியும் என்றும், அவரை வைத்து யாரும் யாரையும் மிரட்ட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பத்தியை நான் வெட்டினேன். இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடமிருந்தது. அதே பக்கத்தில் ஒரு கத்தரிக்காய்ப் படம் போட்டு நிரப்பியிருந்தேன்.

சனிக்கிழமை மாடிக்கு வந்தார். இதழை என் மடியில் போட்டார். கத்தவில்லை. "பாஸ்டர் நான் சொல்லாததைச் சேத்தாரு. நீங்க நான் சொன்னதை எடுத்துட்டீங்க. அவரு ஆண்டவருக்காகப் பண்ணாரு. நீங்க யாருக்காக சார்?"

  அந்தப் பத்தியை எழுந்து நின்று படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு துண்டுச்சீட்டில் அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் கத்தரிக்காயின் மேல் கோந்து போட்டு ஒட்டினேன். வட்டத்தில் ஒருத்தன்கூட உதவிக்கு வரவில்லை.

ஒட்டி முடித்ததும், "ஒரு நாள் சபைக்கு வந்து பாருங்க சார். பாக்காமலே இத்தனை வருஷமா எழுதறீங்க. அதுவும் ஒரு மாதிரி குருட்டு நம்பிக்கைதானே?" என்றார். அந்த நிலைமையில் மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது முகம்.

போனேன். அது அவருக்கு அப்பம் இல்லாத ஐந்தாவது மாதம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஆண்கள் பக்கத்தில், வேண்டுமென்றே, முதல் பாயில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கை அகல நடைபாதை. அந்தப் பக்கம் அவர், அவருக்கு அடுத்து அவருடைய அம்மா. பாட்டு, பிரசங்கம், பிறகு திருவிருந்து. எல்லோரும் வரிசையாகப் போய்ப் பாஸ்டரிடமிருந்து உள்ளங்கையில் ஒரு துண்டு அப்பம் வாங்கி வந்து, இடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். எல்லோரும் வாங்கிய பிறகுதான் சேர்ந்து சாப்பிடுவார்களாம். அவர் உட்கார்ந்தே இருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு அவர் கண் கலங்கியிருப்பது தெரிந்தது. இத்தனை சண்டையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நாலு கேள்வி கேட்டுவிடலாமா என்று கால் துடித்தது.

அவருடைய அம்மா வரிசையில் போய் அப்பம் வாங்கினார். கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போன அம்மா. இடத்துக்குத் திரும்பி வந்தார். உட்காரவில்லை. சேற்றில் இறால் தடவித் தடவி வெடித்த விரல்களால் அந்தச் சின்னத் துண்டை இரண்டாகப் பிட்டார். பாதியை மகளின் கையில் வைத்தார்.

பாஸ்டர், "அம்மா, இன்னா பண்றீங்க?" என்றார்.

"எனக்குக் குடுத்தது எனக்குத்தானே ஐயா? நான் யாருக்குப் பிட்டுக் குடுத்தா இன்னா? நம்ம ஆண்டவரும் பிட்டுத்தானே குடுத்தாரு?"

 பாஸ்டர் தட்டைப் பிடித்தபடி வெகுநேரம் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, எல்லோரும் புசிக்கலாம் என்றார். எல்லோரும் என்று சொன்னதை நான் கேட்டேன். வீடியோவை அந்த வாரமே அவர் அழித்துவிட்டார். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை.

பாஸ்டர் எல்லோரும் என்று சொன்ன அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.  நானும் உங்களோடுதான் இருக்கிறேன் என்று அந்தக் கூட்டத்துக்கே காட்ட வேண்டும்போல் இருந்தது. நடைபாதையைத் தாண்டி உள்ளங்கையை நீட்டினேன். அவர் கையில் இருந்த பாதியில் ஒரு துணுக்கு கொடுத்தால் போதும்.

அவர் என் கையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தலையை ஆட்டினார்.

"உங்களுக்கு இல்ல சார்" என்றார் மெதுவாக. "நீங்க நம்பறதில்லையே. எனக்காவப் பொய்யா வாங்காதீங்க."

கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடி, தன் பங்கைச் சாப்பிட்டார். வந்த கோபத்தில் திரும்பும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார், அப்போதும் இரண்டு ஸ்டாப் தாண்டித்தான் பேசினேன். பிறகு அவர் தெற்கே வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். நான் இன்னும் சாமி இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தத் துண்டு என்ன ருசி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போன் போட்டுக் கேட்டால் சொல்வார். கேட்க மாட்டேன்.